அரக்கு வாசமும் ஐந்தரை மணி வோட்டும்

இத்தனை தேர்தல்களிலும் நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து வந்தவள்தான். வரிசையில் நிற்பேன், மை வைப்பார்கள், பொத்தானை அழுத்துவேன், வீட்டுக்கு வந்துவிடுவேன். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் கன்னியாகுமரி தொகுதியின் ஆக்குப்புரைக்குள்ளேயே நுழையும் யோகம் வாய்த்தது! கழுத்தில் தேர்தல் ஆணையத்தின் அனுமதி அட்டை. வாசலில் நின்ற காவலர் அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "போங்கம்மா" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் என்றிருந்தது. வாருங்கள், உங்களையும் கூட்டிக்கொண்டே போகிறேன்.

முதலில் விளவங்கோடு. அங்கேதான் வேலை இரட்டிப்பு. சட்டமன்ற உறுப்பினர் விஜயதரணி பதவி விலகியிருந்ததால், ஏப்ரல் 19 அன்று அந்தப் பகுதிக்கு மட்டும் நாடாளுமன்றத் தேர்தலோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் சேர்ந்து வந்தது. ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் இரண்டு செட் இயந்திரம். நாடாளுமன்றத்துக்கு வெள்ளைத் தாள், சட்டமன்றத்துக்கு ரோஸ் தாள். மாறிப்போனால் தீர்ந்தது கதை. "வெள்ளை டெல்லிக்கு, ரோஸ் சென்னைக்கு" என்று வருவாய்த்துறை இளைஞர் ஒருவர் மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே தாள்களைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

கூடம் முழுக்க நீள மேசைகள். தரையில் நூல் துண்டு, பிளாஸ்டிக் உறை, கால் வைத்தால் தட்டிவிடும் மின்சார ஒயர்கள், பாதி குடித்து மறந்த சாயா தம்ளர்கள். பொறியாளர்கள் ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தில் சின்னங்களை ஏற்றுகிறார்கள். அப்படி ஏற்றுவது பக்கத்தில் இருக்கும் திரையிலும் தெரிகிறது. வேட்பாளர்களின் ஆட்கள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்து, தங்கள் சின்னம் வந்ததும் "ஆங், வந்தாச்சு" என்று மூச்சு விடுகிறார்கள்.

மூலையில் ஒரு மேசையிலிருந்து மட்டும் 'பீ...' 'பீ...' என்று ஓயாத சத்தம். போய்ப் பார்த்தால், ஆயிரம் வோட்டு! தயாரான இயந்திரங்களில் நூற்றுக்கு ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆயிரம் வோட்டுப் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு வோட்டுக்கும் சீட்டு ஏழு வினாடி கண்ணாடிக்குள் நின்றுவிட்டுத்தான் விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு இயந்திரத்துக்கே அரைநாள். ஒருவர் அழுத்த, இன்னொருவர் தாளில் கோடு கிழிக்க, கை மரத்துப்போனதும் அடுத்தவர் உட்கார, இப்படியே போகிறது. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் முறை வைத்து அழுத்தினார்கள். ஒருவர் எதிர்க்கட்சிச் சின்னத்தை அழுத்தியதும் பக்கத்தில் இருந்தவர் துள்ளிவிட்டார்: "எங்க சின்னத்துல நீ குத்தியாச்சு! இனி மாறப்பிடாது, கேட்டியா!" கூடமே சிரித்தது. ஆயிரமும் முடிந்து, இயந்திரத்தின் கணக்கும் சீட்டுகளின் கணக்கும் கோட்டுக் கணக்கும் ஒன்றாக நின்றபோது அந்தச் சின்ன மேசையைச் சுற்றிக் கைதட்டல். வெளியே பிரசார ஜீப்பில் இருப்பவர்களுக்கு இந்தக் கைதட்டல் கேட்கவே கேட்காது.

"இரட்டை மெஷின் எல்லாம் எங்களுக்கு ஒரு காரியமே இல்ல மேடம்" என்றார் மூத்த ஊழியர் ஒருவர். "2021-ல ஜில்லா முழுக்க இரட்டையாக்கும்." உண்மைதான். நாடாளுமன்ற உறுப்பினர் எச்.வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28 அன்று கொரோனாவில் காலமானார். 2021 ஏப்ரல் 6 அன்று தமிழ்நாடே சட்டமன்றத்துக்கு வாக்களித்தபோது, இங்கே மட்டும் ஆறு சட்டமன்றப் பகுதியிலும் நாடாளுமன்ற இடைத்தேர்தலும் நடந்தது. அன்றைக்கு இரண்டையும் நடத்திக் காட்டிய அதே கைகள்தான் இப்போது ரோஸ் தாளைப் பொருத்துகின்றன.

அடுத்து, வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், பொருள் கொடுக்கும் மையம். திருவிழாக் கூட்டம். எந்த ஊரில் வேலை என்பது கணினிக் குலுக்கலில் முடிவாகி, அன்றைக்குத்தான் கைக்கு வருகிறது. உத்தரவைப் பிரித்ததும் முகங்களைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தவர் சிரிக்கிறார். மலைக்குப் போகிறவர் செருப்பைப் பார்த்துக்கொள்கிறார். ஓர் ஆசிரியை போனில், "அத்தே, பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து ஃபிரிட்ஜ் மேல இருக்கு, எட்டு மணிக்கு ஒரு மூடி" என்று சொல்லிக்கொண்டே மறுகையால் பையைத் துழாவுகிறார்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அரக்கு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, நூல்கண்டு, பிளேடு, பசை, பித்தளை முத்திரை, ஸ்டாம்ப் பேட், மை துடைக்கத் துணி, பச்சை நிற முத்திரைத் தாள், அட்டைப்பெட்டி மறைப்பு, பச்சை உறை, மஞ்சள் உறை, பழுப்பு உறை, நீல உறை. மைசூரில் செய்த அழியாத மை ஒரு சின்னக் குப்பி. அந்தக் குப்பி சாய்ந்து கொட்டிவிடாமல் இருக்க ஒரு கிண்ணம். கிண்ணத்தில் கொஞ்சம் மணல் போட்டுக் குப்பியை நட்டு வைக்க வேண்டுமாம். மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து "அரக்கு?" "இருக்கு!" "முத்திரை?" "இருக்கு!" என்று ஏலம் விடுகிற குரலில் சரிபார்த்தார்கள். ஒரு குழுவுக்குத் தீப்பெட்டி குறைந்தது. பக்கத்துக் குழு தங்களுடையதைப் பாதியாகப் பிரித்து, உரசும் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தது. இந்த மாதிரி உதவிகளை எந்தப் படிவத்தில் எழுதுவது?

நான் ஒட்டிக்கொண்ட குழு கிள்ளியூர் பகுதியில் ஒரு கடற்கரை ஊருக்குப் போனது. பள்ளிக்கூடத்தில் இறங்கியதும் முதல் வேலை துடைப்பம்! அடுத்தது நூறு மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடு. பிறகு பெரிய விவாதம்: ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தை எங்கே வைப்பது? அதன்மேல் நேராக வெளிச்சம் விழக்கூடாது. ஜன்னல் ஓரம் வேண்டாம், டியூப்லைட்டுக்கு அடியில் வேண்டாம். பெஞ்சைத் தூக்கித் தூக்கி வைத்து, வகுப்பறையை மூன்று தடவை மாற்றி, கடைசியில் கரும்பலகை மூலையில் இடம் அமைந்தது. கரும்பலகையில் எட்டாம் வாய்ப்பாடு அழிக்காமல் இருந்தது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரே கணக்கு ஆசிரியர். அதை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

இரவு கஞ்சியும் பயறும், சுட்ட பப்படமும், தேங்காய்ச் சம்மந்தியும். பள்ளியின் சத்துணவுச் சமையலம்மா வைத்தது. கட்சிக்காரர்கள் கையால் ஒரு சாயாகூட வாங்கக்கூடாது என்பதால் அந்தக் கஞ்சிக்கு அத்தனை மதிப்பு. பிறகு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை. கொசுவத்திப் புகை. கடல் இரைச்சல். "நாலு மணிக்கு அலாரம் வச்சாச்சா?" என்று யாரோ கேட்க, இருட்டிலிருந்து மூன்று பேர் சேர்ந்து "வச்சாச்சு" என்றார்கள். நானும் சமையலம்மாவும் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போனோம்.

விடியற்காலை ஐந்தரை! இதற்காகத்தான் நான் வந்ததே. ஏழு மணிக்குத்தான் வாக்குப்பதிவு. அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு நடக்கிறது. முகவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். குறைந்தது ஐம்பது வோட்டு. எல்லாச் சின்னத்துக்கும் விழ வேண்டும், நோட்டாவுக்கும் விழ வேண்டும். ஒவ்வொருவராகப் போய் அழுத்த, இன்னொருவர் குறித்துக்கொள்கிறார். பிறகு மூடி, முடிவைப் பார்த்து, சீட்டுகளை எண்ணி ஒப்பிட்டு, இயந்திரத்தில் பதிவானதை அழித்து, பூஜ்யம் தெரிவதை ஒவ்வொரு முகவருக்கும் காட்ட வேண்டும். "பூஜ்யம் பாருங்க, பூஜ்யம் பாருங்க" என்று கணக்கு ஆசிரியர் மேசை மேசையாகத் தூக்கிக் காட்டினார். மாதிரிச் சீட்டுகள் ஒவ்வொன்றின் முதுகிலும் முத்திரை குத்தி, கறுப்புக் காகித உறையில் போட்டு ஒட்டி, முகவர்களின் கையெழுத்தோடு தனியே வைக்கிறார்கள். பிறகு பச்சை முத்திரைத் தாள். அதிலும் முகவர்களின் கையெழுத்து. நேற்றுவரை மேடையில் ஒருவரையொருவர் வெளுத்து வாங்கிய கட்சிகளின் ஆட்கள், ஒரே பேனாவைக் கைமாற்றி ஒரே தாளில் கையெழுத்துப் போடுவதை ஓர் அடி தூரத்தில் நின்று பார்த்தேன். மயிர்க்கூச்செறிந்தது என்று சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

பகல் ஓடிய வேகம் தெரியவில்லை. முதல் அலுவலர் பெயரை உரக்கப் படிக்கிறார். வாக்காளர் பட்டியலில் குறுக்குக் கோடு. பெண் வாக்காளர் என்றால் வரிசை எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை "ஆண் எத்தனை, பெண் எத்தனை" என்று மேலிடத்திலிருந்து கேட்கும்போது அந்த வட்டங்களை எண்ணித்தான் பதில். ஒரு பாட்டி விரலை நீட்டி, "நல்லா கட்டியா வை மக்களே, மீன் கழுவுத கையாக்கும்" என்றார். மை வைத்த இளைஞர் சிரித்து, நகத்திலிருந்து இழுத்துத் தாராளமாகவே வைத்தார். நடுவில் சில பெயர்களுக்கு நேரே கோடே விழவில்லை. "கடலுக்குப் போயிருக்கான், வர நாள் ஆகும்" என்று எல்லாக் கட்சி முகவர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு ஒரு பயணம் என்பதே வாரக் கணக்கு. இந்த வேளையில் மறுகோடியில், பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு அப்பால் காட்டுக்குள் வாழும் காணி மக்களுக்குப் படகுதான் வழி. கடலும் மலையும் ஒரே தொகுதிக்குள்!

மாலை ஆறு. வரிசையில் இன்னும் ஆட்கள். அலுவலர் துண்டுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் முன்னால் போவார் என்று நினைத்திருக்க, நேராக வரிசையின் வாலுக்குப் போனார். கடைசி ஆளுக்கு முதல் சீட்டு, அங்கிருந்து முன்னோக்கி. ஆறு மணிக்குப் பிறகு யாரும் பின்னால் வந்து சேர முடியாது. எவ்வளவு எளிய, எவ்வளவு அழகான ஏற்பாடு!

பிறகு வந்த மூன்று மணி நேரம்தான் எவர் கண்ணுக்கும் படாதது. இயந்திரத்தை மூடும் பொத்தான். மொத்த எண்ணிக்கை. கையெழுத்துப் பதிவேட்டின் எண்ணோடு அது பொருந்த வேண்டும். பொருந்தியது! குழுவிலிருந்த ஆசிரியை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து "மாதாவே" என்றார். 17சி படிவத்தை நிரப்பி ஒவ்வொரு முகவருக்கும் ஒரு நகல். மெழுகுவர்த்தியை ஏற்றி அரக்கை உருக்க, கடற்காற்று மூன்று முறை அணைத்தது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்ட, விரலில் சுடச்சுட அரக்கு ஒட்ட, "ச்ச்" என்று உதறிக்கொண்டே முத்திரை வைத்தார்கள். பிறகு உறைகள், உறைகள், உறைகள். எந்தப் படிவம் பச்சைக்குள், எது மஞ்சளுக்குள் என்று கையேட்டைப் பார்த்துப் பார்த்து. வண்டி வர நேரமாயிற்று. நாகர்கோவில் கோணம் அரசுப் பொறியியல் கல்லூரிக்குப் போய், ஒப்படைக்கும் வரிசையில் நின்று, சான்று வாங்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. நமக்கு டிவியில் வாக்குப்பதிவு மாலையோடு முடிந்துவிடுகிறது. இவர்களுக்கு முடியும்போது பால் வண்டி கிளம்பிவிடுகிறது.

இனி எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நாட்டின் மற்றப் பகுதிகளில் ஏழு கட்டமாகத் தேர்தல் நடந்ததால், ஏப்ரல் 19 அன்று போட்ட வோட்டை எண்ண ஜூன் 4 வரை 46 நாள் காத்திருப்பு. இயந்திரங்கள் பூட்டிய அறைக்குள். வெளியே துப்பாக்கிக் காவல், கேமராக்கள். அந்தக் கேமரா காட்டுவதைத் திரையில் பார்த்துக்கொண்டு கட்சி முகவர்கள் இராப்பகலாக முறை வைத்துக் காவல் இருந்தார்கள். திரையில் பூட்டிய கதவு மட்டுமே தெரியும். 46 நாளும் அதே கதவு!

அந்த இடத்துக்கு நான் பலாச்சுளை மணத்தோடு போய்ச் சேர்ந்தேன். சீசன். ஒரு கட்சிக்காரர் வீட்டு வரிக்கைச் சக்கை நடுவில் பிளந்து கிடக்க, எல்லாக் கட்சிக் கைகளிலும் தேங்காயெண்ணெய். ஒரே தினசரி நான்கு துண்டாகப் பிரிந்து நான்கு பேர் கையில். ஓட்டை மின்விசிறி. கொடியில் காயும் துண்டுகள். ஒரு நாற்காலியில் எழுபதைக் கடந்த பாட்டா. எல்லோரும் அவரைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஏனென்றால் அவர் வாயைத் திறந்தால் தொகுதியின் சரித்திரம் கொட்டும்.

"மக்களே, முதல் எலெக்சன் நடக்கையில நம்ம தமிழ்நாட்டுலயே இல்ல, தெரியுமா?" என்று என்னைப் பார்த்து ஆரம்பித்தார். நிஜம். அப்போது நாகர்கோவில் என்று பெயர் கொண்ட இந்தத் தொகுதி, 1951-52 முதல் பொதுத்தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழ்ப் பகுதிகளைத் தாய்த்தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் ஏ.நேசமணி வென்றார். அப்போது வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டியின்மேல் சின்னம். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். 1954 ஆகஸ்ட் 11 அன்று அந்தப் போராட்டத்தின்போது புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. 1957-ல் தாணுலிங்க நாடார். 1962-லும் 1967-லும் மறுபடி நேசமணி, இப்போது காங்கிரஸில்.

நேசமணி 1968-ல் காலமானார். இங்கே பாட்டாவின் முதுகு நிமிர்ந்தது. "காமராஜர் வந்தாரு." முந்தின ஆண்டு, 1967-ல், சொந்த ஊரான விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் தோற்றிருந்தார் காமராஜர். 1969 ஜனவரி இடைத்தேர்தலில் நாகர்கோவில் அவரைத் தூக்கி நிறுத்தி, ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் டெல்லிக்கு அனுப்பியது. 1971-லும் அவரே. 1975 அக்டோபர் 2 அன்று அவர் கண்மூடும்போது இந்தத் தொகுதியின் உறுப்பினர். இதைச் சொன்னதும் பாட்டா ஒரு நிமிடம் பேசவில்லை. பக்கத்தில் இருந்த பாஜக முகவர்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நேசமணி, காமராஜர், வசந்தகுமார் என்று பதவியில் இருக்கும்போதே மூன்று பேரை இழந்த தொகுதி இது.

பிறகு பேச்சு சூடு பிடித்தது. 1977-ல் குமரி அனந்தன். 1980 முதல் 1998 வரை ஆறு தேர்தலிலும் டென்னிஸ், கடைசி இரண்டும் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில். "ஆறு!" என்று விரலைக் காட்டினார் பாட்டா. 1999-ல் பொன்.ராதாகிருஷ்ணன் வென்று பாஜக கணக்கைத் தொடங்கினார். 2004-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின். அப்போதெல்லாம் கன்னியாகுமரி சட்டமன்றப் பகுதியே திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதியில்தான் இருந்தது! 2008 மறுசீரமைப்பில் திருவட்டார் மறைந்து, தொகுதியின் பெயரும் மாறி, மாவட்டம் முழுக்க ஒரே தொகுதியானது. 2009-ல் திமுகவின் ஹெலன் டேவிட்சன். தொகுதியின் முதல் பெண் உறுப்பினர் அவர், திமுக இங்கே வென்றதும் அந்த ஒரே தடவைதான். அதிமுக ஒரு தடவைகூட இல்லை. 2014-ல் தமிழ்நாட்டில் 39-ல் 37 இடங்களை அள்ளிய அதிமுகவால் இந்தத் தொகுதியை அசைக்க முடியவில்லை. மாநிலமே ஒரு திசையில் போகும்போது தன் வழியில் போகிற தொகுதியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கூட்டத்தில் கால்குலேட்டர் வைத்திருந்த ஒரு தம்பி, செய்தித்தாளின் ஓரத்தில் இரண்டு எண்களை எழுதி என்னிடம் நீட்டினான். 3,72,906. 3,67,302. 2014-லும் 2019-லும் பொன்.ராதாகிருஷ்ணன் வாங்கிய வோட்டு. "ஒன்னுல ஜெயிச்சாரு, ஒன்னுல தோத்தாரு. வோட்டு ஏறக்குறைய அதே வோட்டுதான்க்கா!" 2014-ல் காங்கிரஸ், அதிமுக, திமுக, மார்க்சிஸ்ட் எல்லாம் தனித்தனியாக நின்றார்கள். அந்த வோட்டு போதுமானதாக இருந்தது. 2019-ல் காங்கிரஸும் திமுகவும் இடதுசாரிகளும் ஒன்றானார்கள். வசந்தகுமார் 6,27,235 வாங்கி 2,59,933 வித்தியாசத்தில் வென்றார். இந்தத் தொகுதியின் தேர்தலை விளக்க இந்த ஓரத்துக் கணக்கைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜூன் 4. விடியற்காலை ஐந்து மணிக்கே எண்ணும் ஊழியர்களுக்கு மேசை ஒதுக்கும் கடைசிக் குலுக்கல். செல்போன் வாசலோடு சரி. வேட்பாளர்கள், முகவர்கள் முன்னால் பூட்டைத் திறந்ததும் கதவருகே இருந்த முகவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். 46 நாளாகத் திரையில் பார்த்த கதவல்லவா! எட்டு மணிக்குத் தபால் வோட்டு, எட்டரைக்கு இயந்திரம். ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் பதினான்கு மேசை, நடுவில் கம்பிவலை. வலைக்கு இந்தப் பக்கம் முகவர்கள். பத்திரிகைக்காரர்களைச் சிறு குழுவாக அழைத்துப் போய்க் காட்டிவிட்டு வெளியே கொண்டுவந்துவிடுவார்கள். கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்: முத்திரையை வெட்டும் சின்னக் கத்தரி. எண்ணை வலைப்பக்கம் திருப்பிக் காட்டும் கை. "ரெண்டு தடவை காட்டுங்க சார்" என்று கத்தும் முகவர். மூன்றாவது தடவையும் பொறுமையாகக் காட்டும் மேற்பார்வையாளர். தாளில் எழுதும் பேனாக்களின் கீறல் சத்தம். சட்டை முதுகில் வியர்வை வரைந்த வரைபடங்கள். பிரிக்க நேரமில்லாமல் ஆறிப்போன இட்லிப் பொட்டலங்கள்.

கடைசிச் சுற்று முடிந்ததும் இன்னொரு கூத்து. ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து வாக்குச்சாவடிகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அவற்றின் ஒப்புகைச் சீட்டுகளைக் கையால் எண்ண வேண்டும். நாடாளுமன்றத்துக்கு மட்டும் முப்பது இயந்திரம். வங்கிக் காசாளர் கூண்டு மாதிரி வலையடித்த இடம், சின்னத்துக்கு ஒரு மரப்பொந்து. சுருண்டுகொள்ளும் சீட்டுகளை நிமிர்த்தி நிமிர்த்தி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு. வெளியே வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. உள்ளே ஒரு அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இருபத்திமூணு, இருபத்திநாலு" என்று தலை நிமிராமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

முடிவு நீங்கள் அறிந்ததுதான். காங்கிரஸின் விஜய் வசந்த் 5,46,248. வித்தியாசம் 1,79,907. பெரியப்பா குமரி அனந்தன் 1977-ல், அப்பா வசந்தகுமார் 2019-ல், மகன் 2021-லும் இப்போதும். விளவங்கோட்டின் ரோஸ் தாளிலும் காங்கிரஸ், தாரகை கத்பர்ட். இரண்டாவது வந்த பொன்.ராதாகிருஷ்ணன் வாங்கியது? வெளியே வந்ததும் கால்குலேட்டர் தம்பி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தான். "அக்கா, 3,66,341!" அவன் எழுதிக் கொடுத்த அதே வரிசையில் மூன்றாவது எண். அவன் கட்சி தோற்றதா ஜெயித்ததா என்றுகூட நான் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து குதித்தோம்.

இவ்வளவு தூரம் கூடவே வந்த உங்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். விடியற்காலை மாதிரி வாக்குப்பதிவுக்கு முகவர்கள் வராவிட்டால் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, அலுவலர்கள் தாங்களே நடத்திக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. அந்த விதியைப் பயன்படுத்த வேண்டிய நிலை எந்தச் சாவடிக்கும் வரக்கூடாது. அடுத்த தேர்தலில் உங்களுக்குப் பிடித்த வேட்பாளர் யாராக இருந்தாலும், முகவராக உட்காரச் சம்மதியுங்கள். ஐந்தரை மணிக்கு முன்னால் போய்விடுங்கள். பூஜ்யத்தை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.